‘சத்து ஊசிதான், போட்டுக்கோ’ என்று யாராவது சொன்னால்?

கத்தார் நாட்டின் தோகா நகரில் 2019 ஏப்ரல் 22 அன்று நடந்த ஓர் ஓட்டம் தமிழ்நாட்டில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். ஆசியத் தடகளப் போட்டி, பெண்களுக்கான 800 மீட்டர். திருச்சி மாவட்டம் முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்து 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடி முடித்துத் தங்கம் வென்றார். விவசாயக் குடும்பத்துப் பெண் ஆசியாவின் முதலிடத்தில் நின்றார். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அவரைக் கொண்டாடின.

சில வாரங்களில் வேறொரு செய்தி வந்தது. அவரிடம் எடுக்கப்பட்ட சிறுநீர் மாதிரியில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் இருந்தது. 2020இல் தீர்ப்பு வெளியானது: நான்கு ஆண்டுத் தடை, தங்கப் பதக்கமும் பறிப்பு. தெரிந்து எந்த ஊக்கமருந்தையும் எடுத்ததில்லை என்று அவர் மறுத்தார். ஆனால் விளையாட்டுச் சட்டத்தில் அந்த மறுப்பு அவரைக் காப்பாற்றப் போதவில்லை. மருந்து உடலுக்குள் எப்படி வந்தது என்பதை நிறுவ வேண்டிய பொறுப்பு வீரருடையது.

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஊக்கமருந்து என்றதும் ‘ஏமாற்றாதே, நேர்மையாக விளையாடு’ என்று அறிவுரை சொல்லி முடித்துவிடுகிறோம். அறிவுரை தேவைதான். ஆனால் கையில் கொடுக்கப்படும் மாத்திரை என்னவென்று கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அது பாதி உதவிதான். நேர்மையாக இருக்க விரும்பும் பிள்ளையும் மாட்டிக்கொள்ள முடியும். எனவே மாணவருக்குக் கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டும். அதை மூன்று பாடவேளைகளில் எப்படிச் செய்யலாம் என்பதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

நம் பள்ளிக்கு இது தேவையா?

‘இதெல்லாம் ஒலிம்பிக் போகிறவர்கள் கவலை, நமக்கு எதற்கு?’ என்று தோன்றலாம். கம்மாபுரம், நெய்வேலி, விருத்தாசலம் வட்டாரத்தில் நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள், ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள். கபடியும் கைப்பந்தும் ஓட்டமும் அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. உயர்கல்வியிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. காவல்துறை, ரயில்வே, ராணுவம் என்று கனவு காணும் பிள்ளைக்குக் குறுவட்டப் போட்டியில் கிடைக்கும் சான்றிதழே முதல் படி. படி எவ்வளவு முக்கியமோ, அதைக் குறுக்குவழியில் ஏறச் சொல்லும் குரலும் அவ்வளவு வலுவாக வரும்.

அந்தக் குரல் மருந்துக் கம்பெனியின் குரலாக வருவதில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் உடன் பயிலும் அண்ணன், ஊர் அணியின் மூத்த ஆட்டக்காரர், தனியார் பயிற்சியாளர் ஆகியோரின் குரலாக வருகிறது. ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லும் வராது. ‘சத்து ஊசி’, ‘பவர் மாத்திரை’, ‘புரோட்டீன்’, ‘வெளிநாட்டு வைட்டமின்’ என்றுதான் வரும்.

பள்ளி வயதினருக்கு இது எட்டாத உலகம் என்று எண்ணுகிறவர்கள் 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் நடந்ததை அறிய வேண்டும். ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒரு வீரர்தான் வந்து நின்றார். மற்றவர்கள் காணாமல் போனார்கள். கழிவறையில் பயன்படுத்திய ஊசிகள் கிடந்தன. இளையோர் பிரிவில் ஓடிய ஒரு பெண், முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் சோதனை அதிகாரியிடமிருந்து தப்ப ஓடிக்கொண்டே இருந்ததாகச் செய்தி வந்தது. மாநில அளவில், இளையோர் பிரிவில் நடந்தது இது. நம் பிள்ளைகள் அடுத்து ஏறப்போகும் படியும் அதுதான்.

முதல் பாடவேளை: உடலுக்குள் என்ன நடக்கிறது?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஹார்மோன்கள் பாடம் இருக்கிறது. டெஸ்டோஸ்டீரோன் எங்கே சுரக்கிறது, அதன் பணி என்ன என்று நடத்துகிறோம். ஊக்கமருந்துப் பாடத்தை அங்கேயே இணைத்துவிடலாம். தனியாக நேரம் தேட வேண்டியதில்லை.

ஆணின் உடலில் விந்தகங்களில் சுரக்கும் டெஸ்டோஸ்டீரோன் குரலை மாற்றுகிறது, மீசை தாடியை வளர்க்கிறது, தசையில் புரதம் சேர உதவுகிறது. பெண்ணின் உடலிலும் இது சிறிய அளவில் உண்டு. 1935இல் இதை ஆய்வகத்தில் தயாரிக்கும் வழி கண்டறியப்பட்டது. அதற்குப் பின் இதன் சாயலில் பல செயற்கைப் பொருள்கள் வந்தன. நான்ட்ரோலோன், ஸ்டனோசோலோல், மெட்டான்டியெனோன் ஆகியவை அவற்றுள் சில. தசையைப் பெருக்கும் இந்த வகைக்கு அனபாலிக் ஸ்டீராய்டு என்று பெயர்.

வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடல் என்ன செய்யும்? இதை விளக்க வீட்டின் மேல்நிலைத் தொட்டியைக் காட்டலாம். தண்ணீர் நிரம்பியதும் மிதவை மேலே எழும்பிக் குழாயை அடைத்துவிடும். யாரோ வெளியிலிருந்து வாளி வாளியாகத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தால் மிதவை இறங்காது, குழாயும் திறக்காது. மூளையில் உள்ள ஹைப்போதலாமசும் பிட்யூட்டரியும் அந்த மிதவைபோல. ஊசி வழியே ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் ‘போதும், நிறுத்து’ என்று அவை விந்தகங்களின் வேலையைக் குறைத்துவிடும். விந்தகங்கள் சுருங்கும், விந்தணு உற்பத்தி குறையும். ஊசியை நிறுத்திய பின்னும் பழைய நிலை திரும்ப மாதங்கள் பல ஆகலாம்.

வளரிளம் பருவத்தினருக்கு இன்னொரு தனி ஆபத்து உண்டு. நீண்ட எலும்புகளின் முனைப்பகுதியில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது திறந்திருக்கும்வரை உயரம் கூடும். ஸ்டீராய்டு அதைக் காலத்துக்கு முன்பே மூடிவிடலாம். உயரமாகி நன்றாக விளையாட வேண்டும் என்று ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை, அடைய வேண்டிய உயரத்தை அடையாமல் நின்றுவிட நேரும். இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். இதய நோய், கல்லீரல் பாதிப்பு என்பதெல்லாம் பதினைந்து வயதுக்கு வெகுதூரத்தில் இருப்பவை. உயரம் இன்றைய கவலை.

மற்ற விளைவுகளைக் கரும்பலகையில் பட்டியலிடலாம்: முகத்திலும் முதுகிலும் கடுமையான பருக்கள், ஆண்களுக்கு மார்பு பெருத்தல், பெண்களுக்குக் குரல் தடித்தல், முகத்தில் முடி வளர்தல், மாதவிடாய் ஒழுங்கு தவறுதல், ரத்த அழுத்தம் கூடுதல், இதயத் தசை தடித்தல், கல்லீரல் பாதிப்பு, காரணமில்லாத கோபம், நிறுத்திய பின் மனச்சோர்வு. பெண்களின் குரல் தடித்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் பழைய குரல் திரும்பாது. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் தொற்றும்.

ரத்தம் பற்றிய பாடத்தில் இன்னொரு இணைப்பும் கிடைக்கிறது. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது. நீண்டதூரப் போட்டிகளில் சிலர் இதை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். சிவப்பணு கூடினால் தசைக்கு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ரத்தம் கெட்டியாகும், உறைந்து அடைக்கும் ஆபத்தும் கூடும். அமெரிக்க மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் வென்றார். ஏழு பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. அவர் பயன்படுத்தியவற்றில் இதுவும் ஒன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஸ்டீராய்டு என்றால் விஷம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு வகை; அதற்குத் தசையைப் பெருக்கும் வேலை கிடையாது. நம் பேச்சைக் கேட்டு ஆஸ்துமா உள்ள ஒரு பிள்ளை இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிட்டால் நாமே தீங்கு செய்தவர்களாவோம். மருத்துவர் எழுதிக்கொடுத்ததை நிறுத்தக் கூடாது. போட்டிக்குப் போகும்போது அந்த மருந்துச்சீட்டைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். தேவையான மருந்து தடைப் பட்டியலில் இருந்தால், மருத்துவக் காரணத்துக்காக முறைப்படி விண்ணப்பித்து விலக்குப் பெறவும் வழி இருக்கிறது.

இரண்டாம் பாடவேளை: ‘எனக்குத் தெரியாது’ என்பது ஏன் போதவில்லை?

இந்தப் பாடவேளையில் மூன்று வழக்குகளைச் சொல்லி மாணவர்களைக் குழுவாகப் பிரித்து விவாதிக்க விடலாம்.

முதல் வழக்கு இருமல் மருந்து. கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவிடம் 2019 பிப்ரவரியில் சையத் முஷ்டாக் அலி கோப்பைப் போட்டியின்போது சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது. அதில் டெர்பியூட்டலின் இருந்தது. இருமல் மருந்துகளில் சாதாரணமாகக் கலந்திருக்கும் பொருள் அது. திறனைக் கூட்டுவதற்காக எடுக்கவில்லை, இருமலுக்காகக் குடித்தது என்ற விளக்கத்தை இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. அப்படியும் எட்டு மாதத் தடை விதித்தது. அப்போது அவருக்கு வயது 19.

இரண்டாம் வழக்கு பயிற்சியாளர் தந்த துணை உணவு. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியில் ஓடிய மன்தீப் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி உள்ளிட்ட ஓட்டப் பெண்கள் சிலர் 2011இல் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் தந்த ஜின்செங் என்ற துணை உணவில் கலந்திருந்தது என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012இல் அதை இரண்டு ஆண்டாக உயர்த்தியது. பயிற்சியாளரை நம்பினோம் என்பது அவர்களை விடுவிக்கவில்லை.

மூன்றாம் வழக்கு ‘வைட்டமின்’. பழைய கிழக்கு ஜெர்மனியில் 1970களிலும் 80களிலும் அரசே திட்டமிட்டு வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்தது. பதின்ம வயதுச் சிறுமிகளுக்கு நீல நிற மாத்திரைகளைத் தந்து வைட்டமின் என்றார்கள். பதக்கங்கள் குவிந்தன. பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெண்கள் கல்லீரல் நோய், குழந்தைப்பேற்றுச் சிக்கல்கள், தடித்த குரல் என்று துன்பப்பட்டார்கள். 2000ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம் அந்நாட்டு விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டையும் மருத்துவத் தலைவர் ஒருவரையும் உடலுக்குத் தீங்கு விளைவிக்கத் துணைநின்ற குற்றத்துக்காகத் தண்டித்தது. அந்தச் சிறுமிகள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தங்களுக்குப் பயிற்சி தந்த பெரியவர்களை நம்பினார்கள்.

மூன்று வழக்கையும் சொல்லிவிட்டு, ‘இது நியாயமா? தெரியாமல் சாப்பிட்டவருக்கு ஏன் தண்டனை?’ என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். ‘தெரியாது என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றால் எல்லோரும் அதையே சொல்வார்களே’ என்று ஒரு பக்கம் சொல்லும். ‘படிக்காத குடும்பத்துப் பிள்ளைக்கு மருந்தின் பெயர் எப்படித் தெரியும்?’ என்று மறுபக்கம் கேட்கும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. உலக விதிகளிலும் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பது அடிப்படை விதி. அதேநேரம், தவறு எந்த அளவு, வீரரின் வயது என்ன என்று பார்த்துத் தண்டனையைக் குறைக்கவும் விதி உண்டு. சிறுவர்கள் சிக்கினால் அவர்களைச் சுற்றியிருந்த பயிற்சியாளர் உள்ளிட்டோரையும் விசாரிக்க வேண்டும் என்கிறது உலக விதித்தொகுப்பு.

விதி இப்படி இருப்பதால் மாணவர் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: விழுங்குவதற்கு முன் கேட்க வேண்டும். விழுங்கிய பிறகு சொல்லும் விளக்கத்துக்கு மதிப்பு குறைவு.

இந்த அமைப்புகளின் பெயர்களையும் மாணவர் தெரிந்துகொள்ளட்டும். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 1999இல் தொடங்கப்பட்டது, சுருக்கமாக ‘வாடா’. இந்தியாவின் தேசிய முகமை 2005இல் உருவானது, ‘நாடா’. தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2022இல் நிறைவேற்றியது. தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் புதுப்பிக்கப்படுகிறது. எனவே சென்ற ஆண்டு சரியாக இருந்தது இந்த ஆண்டும் சரி என்று இருந்துவிட முடியாது.

மூன்றாம் பாடவேளை: யாருக்கு நட்டம்?

இது கணக்கும் சமூக அறிவியலும் சேர்ந்த வகுப்பு. முதலில் ஒரு சிறு கழித்தல். 2019 தோகா ஓட்டத்தில் கோமதி 2 நிமிடம் 2.70 விநாடி. இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை வாங் சுன்யூ 2 நிமிடம் 2.96 விநாடி. வித்தியாசம் 0.26 விநாடி. கைதட்டச் சொல்லிக் காட்டுங்கள். ஒரு கைதட்டலுக்குள் முடிந்துவிடும் நேரம். அந்த இடைவெளியில்தான் ஒருவர் மேடையின் உச்சியில் நின்றார், இன்னொருவர் ஒரு படி கீழே நின்றார். பின்னாளில் தங்கம் இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. ஆனால் மேடையில் நின்று தேசிய கீதம் கேட்கும் அந்த நிமிடத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

அந்த இடத்தில் நம்மவர் ஒருவர் இருந்த கதையும் உண்டு. கேரளத்தின் நீளம் தாண்டும் வீராங்கனை அஞ்சு பாபி ஜார்ஜ் 2005இல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப் போட்டியில் வெள்ளி பெற்றார். தங்கம் பெற்றவர் ரஷ்யாவின் தாத்தியானா கோட்டோவா. அதே ஆண்டு உலகப் போட்டியில் எடுத்து வைத்திருந்த கோட்டோவாவின் மாதிரியைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது ஊக்கமருந்து தெரியவந்தது. 2014இல் அஞ்சுவின் வெள்ளி தங்கமாக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதுவும் அறிவிப்பாக வந்த தங்கம். மாதிரிகளைப் பத்து ஆண்டுகள் வரை பாதுகாத்து மறுபடி சோதிக்கலாம் என்பது இன்றைய விதி. இன்று தப்பியவர் நாளையும் தப்புவார் என்று சொல்ல முடியாது.

அடுத்த கணக்கு சதவீதம். 2023இல் இந்தியாவில் 5,606 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 214 மாதிரிகளில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. எத்தனை சதவீதம்? மாணவர் கணக்கிட்டுச் சொல்லட்டும்: ஏறத்தாழ 3.8. அந்த ஆண்டு ஐயாயிரத்துக்கு மேல் சோதனை செய்த நாடுகளில் இதுவே மிக அதிகம். முந்தைய ஆண்டில் 3,865 மாதிரிகளில் 125. அதையும் கணக்கிட்டு ஒப்பிடச் சொல்லுங்கள், 3.2 என்று வரும். ‘ஏன் கூடியது? சோதனையில் சிக்காதவர்கள் இந்தக் கணக்கில் எங்கே?’ என்ற கேள்விகளை அவர்களே எழுப்புவார்கள். கணக்குப் பாடத்தில் சதவீதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஒரே நகரம், ஒரே ஓட்டம், வேறு கதை

இந்தப் பாடத்தில் பெரியவர்களிடமும் ஒரு குழப்பம் இருப்பதைப் பார்க்கிறேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அவருடைய பதக்கமும் பறிக்கப்பட்டது. அதே தோகா, அதே 800 மீட்டர், அவரும் தமிழ்நாட்டுக் கிராமத்து ஏழைப் பெண். இதனால் இரண்டையும் ஒன்றாக்கி, ‘அவரும் மருந்து போட்டு மாட்டினவர்தானே’ என்று சொல்பவர்கள் உண்டு.

அது தவறு. சாந்தியிடம் நடத்தப்பட்டது பாலினச் சோதனை. அவர் எந்த மருந்தும் எடுத்ததாகக் குற்றச்சாட்டே கிடையாது. பிறவியிலேயே தன் உடல் எப்படி அமைந்ததோ அந்த உடலோடு ஓடியவர் அவர். அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? பெரும் அவமானத்தையும் வறுமையையும் தாண்டி, பின்னர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகி இளைய வீரர்களை உருவாக்கும் பணிக்கு வந்தார். வெளியிலிருந்து ஹார்மோனை ஏற்றிக்கொள்வது வேறு, உடலே தன் இயல்பில் சுரப்பது வேறு. முதல் பாடவேளையில் நடத்திய அறிவியல் இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. வளரிளம் பருவத்தில் தன் உடல் மற்றவர்களைப்போல் இல்லையே என்று உள்ளுக்குள் மறுகும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கலாம். அந்தப் பிள்ளைக்காகவாவது இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வழக்குகளைச் சொல்லும்போது வீரர்களின் பெயரைக் கேலிக்குரியதாக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. நம் மாநிலத்தின் இன்னொரு ஓட்டக்காரர் தனலட்சுமி சேகர் 2021 ஃபெடரேஷன் கோப்பையில் 100 மீட்டரில் டூட்டி சந்தை முந்தித் தங்கம் வென்றவர். 2022இல் மெட்டான்டியெனோன் சோதனையில் சிக்கி மூன்று ஆண்டுத் தடை பெற்றார். இவர்கள் எல்லாம் கடுமையாக உழைத்து மேலே வந்தவர்கள். உழைக்காதவர்தான் மருந்து எடுப்பார் என்ற எண்ணம் சரியல்ல. உண்மையில் மருந்து தேடி வருவது உழைத்து முன்னேறி, இன்னும் ஒரு விநாடி குறைத்தால் போதும் என்ற இடத்தில் நிற்பவரைத்தான். வகுப்பில் நன்றாக ஓடும் பிள்ளைக்கே இந்த எச்சரிக்கை முதலில் போய்ச்சேர வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை

உடற்கல்வி ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. மைதானத்தில் ஒருவர் பார்ப்பதை வகுப்பறையில் மற்றவர் பார்க்க முடியாது. குறுகிய காலத்தில் உடல் எடையும் தசையும் திடீரெனக் கூடுவது, முதுகெல்லாம் பருக்கள், வழக்கத்துக்கு மாறான கோபம், பையில் ஊசி அல்லது பெயர்ச்சீட்டு இல்லாத பொடி டப்பா. இவற்றில் ஏதேனும் தெரிந்தால் விசாரிக்கலாம். இவை மட்டுமே ஆதாரமாகிவிடாது. பருவ வயதில் பருவும் கோபமும் இயல்புதான். அதனால் சந்தேகத்தை வகுப்பின் நடுவே சொல்லக் கூடாது. தனியே அழைத்து, ‘உடம்பு எப்படி இருக்கு, என்ன சாப்பிடுற?’ என்று தொடங்கினால் போதும். பிறகு பெற்றோர், தலைமையாசிரியர், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் என்று ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொள்ளலாம். வெளியாள் யாரோ பிள்ளைக்கு ஊசி போடுகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் அது குழந்தையின் பாதுகாப்புப் பிரச்சினை. குழந்தைகள் உதவி எண் 1098 அதற்கும் உண்டு.

புரதப் பொடி பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். பள்ளி அளவில் விளையாடும் பிள்ளைக்குப் புரதம் முட்டையிலும் பாலிலும் பயறு, சுண்டல், வேர்க்கடலை, மீனிலும் கிடைக்கிறது. சத்துணவில் கிடைக்கும் முட்டையைப் பாதி தின்றுவிட்டு வைக்கும் பிள்ளைதான் ஆயிரக்கணக்கில் விலையுள்ள டப்பாவைக் கேட்கிறது. அந்த டப்பாவுக்குள் சீட்டில் எழுதாத பொருளும் கலந்திருக்கலாம் என்பதற்கு மேலே சொன்ன தொடர் ஓட்டப் பெண்களின் வாதமே எச்சரிக்கை.

இன்னொன்றும் நமக்குள் பேச வேண்டியது. ஊக்கமருந்துக்கு வெகுமுன்பே விளையாட்டில் ஏமாற்றுவதைப் பிள்ளை எங்கே கற்கிறது? வயது கூடிய ஆட்டக்காரரை இளையோர் பிரிவில் இறக்கும்போது, இன்னொருவர் பெயரில் ஆளை ஓடவிடும்போது, ‘கோப்பை வந்தால் சரி’ என்று பெரியவர்கள் கண்டும் காணாமல் இருக்கும்போது கற்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளை, நாளை ஒருவர் ஊசியை நீட்டும்போது அதையும் அந்த வரிசையில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். சான்றிதழில் பிறந்த தேதி சரியாக இருப்பதும் ஊக்கமருந்து தடுப்புப் பாடத்தின் ஒரு பகுதிதான்.

ஒரு செயல்பாடு

பள்ளி அணியில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒதுக்கிக்கொள்ளட்டும். தாங்கள் எடுக்கும் எந்த மருந்து, பொடி, ஊசியானாலும் தேதி, பெயர், யார் கொடுத்தது, எதற்காக என்று நான்கு கட்டங்களில் எழுத வேண்டும். காய்ச்சல் மாத்திரையும் இருமல் மருந்தும் இதில் சேரும். ஆசிரியர் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். பெயர் எழுத முடியாத எதையும் சாப்பிடுவதில்லை என்பது இதன் ஒரே விதி. பின்னாளில் தேசிய அணிக்குப் போகிறவருக்குச் சோதனை அதிகாரி முன் அமரும்போது இந்தப் பழக்கம் நேரடியாக உதவும். அண்மையில் என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று அங்கே கேட்டு எழுதிக்கொள்வார்கள்.

உடற்கல்வி அறையின் சுவரில் மூன்று கேள்விகளைப் பெரிதாக எழுதி ஒட்டலாம்:

1. இதன் பெயர் என்ன? உள்ளே என்னென்ன இருக்கிறது?

2. கொடுப்பவர் மருத்துவரா? சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா?

3. இதைச் சாப்பிடப் போகிறேன் என்று வீட்டில் அம்மாவிடம் சொல்ல முடியுமா?

முதல் இரண்டும் அறிவியல் கேள்விகள். அவற்றுக்குச் சில நேரம் பதில் தெரியாமல் போகலாம். மூன்றாவதற்குப் பதில் எல்லாப் பிள்ளைக்கும் அந்தக் கணமே தெரியும். ‘முடியாது’ என்று மனம் சொன்னால் அங்கேயே கையை இழுத்துக்கொள்ள வேண்டும், மறுநாள் காலையில் வந்து ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அப்படி வந்து சொல்லும் பிள்ளையைத் திட்டாமல் உட்காரவைத்துக் கேட்பது நம் வேலை.